ஸ்பிரிங்கை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள்

சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைக் காரோடு சேர்த்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு, பற்றிய கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பதில்கள் எல்லாம் அதைப் பற்றித்தான். 22 வருடம் பட்டறையில் காருக்கு அடியில் கிடந்தவன் நான்; அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில்.

சார், என் கார் 90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வழிகிறது. பிரேக் பேடு, ஆயில் ஃபில்டர் எல்லாம் நானே மாற்றுவேன். புது ஷாக்குகளை வாங்கி வைத்துவிட்டேன். நானே மாட்டலாமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா?

மாட்டலாம். ஆனால் நடுவில் ஒரு வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

முன்பக்க ஷாக் மாற்றுவது என்று ஒரே பேராகச் சொல்கிறோம். கணக்குப் பார்த்தால் உள்ளே மூன்று வேலை இருக்கிறது. ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டை, காரிலிருந்து கழற்றி இறக்குவது முதலாவது. இறக்கியதில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பழைய ஷாக்கை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது அடுத்தது. மூன்றாவது, திரும்ப ஏற்றி முறுக்கி வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் சரியா என்று) பார்ப்பது. பிரேக் பேடு மாற்றத் தெரிந்தவருக்கு முதல் வேலை புதிதாக இருக்காது. ஏற்றி முறுக்குவதும் அப்படித்தான். நடுவில் இருக்கிற ஸ்பிரிங் வேலைதான் நான் உங்களை விடமாட்டேன் என்று சொல்வது.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் காரில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் யோசித்த அமைப்பு. 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்தது. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தண்டில் கோத்துவிட்டார். இடம் மிச்சம், உதிரி குறைவு, அதனால்தான் சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. அதற்கு விலையும் உண்டு. ஷாக்கை மட்டும் தனியாக எடுக்க முடியாது. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் திரும்பத் திரும்பக் குதிப்பதை எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி அடக்குகிறது, அவ்வளவுதான். கெட்டுப்போனது ஷாக் என்றாலும் ஸ்பிரிங்கைத் தொடாமல் அதற்குப் போக வழியில்லை.

ஒரு மில்லிமீட்டர் அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 14 சென்டிமீட்டர் அமுக்கிப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் சக்தி சுமார் 245 ஜூல். 25 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி அது. அந்த அடி உங்கள் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் என்ற கருவியின் இரண்டு கொக்கிகளின் பிடியில் நின்றுகொண்டிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், மரை தேய்ந்த கம்ப்ரஸரில் ஒரு கொக்கி வழுக்கியதைப் பார்த்தேன். ஸ்பிரிங் நேராகக்கூடப் பாயவில்லை. வில்லாக வளைந்து, வைஸில் மோதி, தகரக் கூரையில் உள்ளங்கை அளவு பள்ளம் போட்டுவிட்டு விழுந்தது. வேலை செய்துகொண்டிருந்த பையன் பக்கவாட்டில் நின்றிருந்தான், பிழைத்தான். ஸ்பிரிங்கின் வாய்க்கு நேராக நிற்காதே என்று அதற்கு முன் எங்களிடம் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கொக்கி கம்ப்ரஸரை இரவல் வாங்கிப் பழகிப் பார்க்கிற இடம் இது இல்லை. பட்டறைகளில் சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும். நீங்கள் ஸ்ட்ரட் இரண்டையும் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கு அரைமணி, ஒருமணி நேர வேலை. காரை முழுதாக விடுவதைவிடக் கூலி நிச்சயம் குறையும்.

சரி, இறக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? முதல் நாள் இரவே போல்ட்டு மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் ஸ்ட்ரட்டின் கிளிப்பிலிருந்து முதலில் விடுவியுங்கள். இதை மறந்து இழுத்து வயரை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். லிங்க் ராடின் (கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரோடு ஸ்ட்ரட்டைச் சேர்க்கும் குச்சி) நட்டைக் கழற்றுங்கள். நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன்னால், ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். நிறைய கார்களில் அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மாறிவிடும். ஸ்ட்ரட் விலகியதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அதை ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளலாம்.

பானெட்டைத் திறந்தால் மேலே மூன்று சிறிய நட்டுகளும், நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். கழற்ற வேண்டியது அந்த மூன்றை மட்டும். நடு நட்டுதான் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் ஸ்பேனரை வைக்கவே வைக்காதீர்கள். சில கார்களில் மூன்று நட்டு இருக்காது, நடு நட்டேதான் காரோடு பிடித்திருக்கும். உங்களுடையது அப்படியென்றால் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம், காரையே பட்டறையில் விட்டுவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது புது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டை), தூசி உறை, மேல் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரோடு பிடிக்கும் பாகம்), அதன் பேரிங் எல்லாம் சேர்த்து எடுத்துப்போங்கள். நைந்த பம்ப் ஸ்டாப்போடு புது ஷாக் போட்டால் பள்ளத்தில் விழும்போது ஷாக் அடிமட்டம் தட்டும், சீக்கிரமே போய்விடும். ஸ்பிரிங் நுனி தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, பளபளவென்று இருக்கும் ஷாக் ராடை யாரும் பிளையரால் பிடிக்கக் கூடாது. பிடித்த தழும்பு மேலும் கீழும் போய்வந்து சீலைக் கிழித்துவிடும். மாட்டிய சில வாரத்தில் கசிகிற புது ஷாக்குகளில் பலதுக்குக் காரணம் கம்பெனி இல்லை, அந்தத் தழும்புதான்.

ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் கோத்து முழு ஸ்ட்ரட்டாகவும் சில கார்களுக்குக் கிடைக்கிறது. அதை வாங்கினால் நடு வேலையே இல்லை. உங்கள் மாடலுக்கான பாக நம்பர்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் மாறினால் கார் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

அண்ணா, சின்னக் குண்டு குழிகளில் மெதுவாகப் போகும்போது முன்னால் 'டக டக'வென்று சத்தம். நாலு ஷாக்கும் போச்சு, மாற்ற வேண்டும் என்கிறார்கள். நானே மாற்றினால் மிச்சப்படுத்தலாமா?

தம்பி, யார் மாற்றுவது என்பதை அப்புறம் பார்ப்போம். நீ சொல்கிற சத்தம் ஷாக்கிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் தெரியட்டும். ஷாக் போன கார் சத்தத்தைவிட அசைவில்தான் அதிகம் சொல்லும். வேகத்தடை தாண்டினபிறகும் இரண்டு மூன்று முறை தூளியாடும். டயரைத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அழுக்கு அப்பியிருக்கும். லேசான ஈரம் மட்டும் இருந்தால் அது கோளாறே இல்லை.

மெதுவாகப் போகும்போது, சின்ன மேடு பள்ளத்தில் டக டக என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் லிங்க் ராடைத்தான். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க வளைத்து, எஞ்சினை அணைத்துவிடு. சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். விரல் தடிமனில் ஒரு குச்சி நிற்கும், இரண்டு முனையிலும் குட்டிப் பந்து ஜாயின்ட். பிடித்து வேகமாக ஆட்டு. ஆட்டமோ 'கிளிக்' சத்தமோ இருந்தால் உன் திருடன் அவன்தான். ஜாக்கிகூடத் தேவையில்லை.

இந்தப் பாகத்தைத் தாராளமாக நீயே மாற்றலாம். சஸ்பென்ஷனில் கை பழக இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை, அலைன்மென்ட்டும் மாறாது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட்டு வெளியே வராது. அதனால் முன்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுச் செய். நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீயை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஆலன் துளையில் துரு இருந்தால் முதலில் ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய், இல்லாவிட்டால் கீ வழுக்கித் துளை வட்டமாகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

லிங்க் ராட் சரியாக இருந்து, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று கம்பி தெறிக்கிற சத்தமும் வந்தால் மேல் மவுன்ட் பேரிங். அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கியாக வேண்டும். முதல் கடிதத்துக்குச் சொன்னதைப் பார்.

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் சட்டத்தோடு சேர்க்கும் கை) இரண்டையும் நானே மாற்றினேன். தரமான பாகம், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கினேன். ஐந்தே மாதத்தில் பின்பக்க புஷ் இரண்டும் கிழிந்துவிட்டன. போலிப் பாகமா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு கவனமாகச் செய்தவருக்கு இப்படி ஆகக் கூடாது. ஒரு கேள்வி: அந்த போல்ட்டுகளை முறுக்கும்போது சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தனவா?

தொங்கியிருந்தால் பாகத்தின் மேல் பழியில்லை. புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் காரின் சட்டத்தோடு இறுகிவிடும், அப்புறம் அது சுற்றாது. ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. காரை இறக்கினதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் சும்மா நிற்கும்போதுகூட முறுக்கிக்கொண்டேதான் நிற்கும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்?

நானும் பழகிய காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். மூத்த மெக்கானிக் ஒருவர் என்னைத் திட்டவில்லை. தேய்ந்த புஷ் ஒன்றை என் கையில் கொடுத்து உள்குழாயை விரலால் திருப்பிப் பார் என்றார். திரும்பவில்லை, ரப்பர் இழுத்துப் பிடித்தது. அன்றைக்குப் புரிந்தது.

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். வேலை தொடங்குமுன், கார் தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். ஆர்மை மாட்டி, புஷ் போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவோடு விடுங்கள். பிறகு ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள், எழுதிவைத்த அளவு வரும்வரை. கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பக் கூடாது. அளவு வருவதற்குள் எழும்பப் பார்த்தால் நிறுத்திவிட்டு, சக்கரங்களோடு ரேம்ப்பில் ஏற்றி இறுக்குங்கள். அளவு வந்த நிலையில் டார்க் ரெஞ்ச். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகள் இருந்தால் புதியது போடுங்கள், ஒருமுறை கழற்றியது பிடிக்காது.

புஷ்ஷை மட்டும் தனியாக வாங்கி அடித்து ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பழைய ஆர்மையும் புது புஷ்ஷையும் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்தால் ஏற்றிக்கொடுப்பார்கள், மாட்டுவது உங்கள் வேலை.

பின்பக்க ஷாக் மட்டும் மாற்றினேன். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனியாக இருக்கிறது. அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். அந்த அமைப்பில் ஷாக் சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஸ்பிரிங் தனியாக இருப்பதால் முன்பக்கத்தைவிட இது ரொம்பவே எளிது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அதுவும் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு. இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பீம் கீழே இறங்கி ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். முன்பக்கம் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் முனை) எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் கட்டாயம். டோ, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கொஞ்சம் பிசகினாலே புது டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரில் மழுங்கிவிடும். முன் கண்ணாடியில் கேமரா உள்ள புதிய கார்களில் அலைன்மென்ட்டோடு ஸ்டியரிங் சென்சார், கேமரா சீரமைப்பும் கேட்கலாம். அந்தக் கருவி உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள்.

பாகங்களை நான் விசாரித்து வாங்கிக்கொண்டு போனேன். மாட்டித் தருகிறேன், ஆனால் வேலைக்குப் பொறுப்பு ஏற்கமாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நான் பெண் என்பதால் இப்படிப் பேசுகிறாரா?

அவர் மனதில் இருப்பதை என்னால் சொல்ல முடியாது அம்மா. அப்படிப் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது தப்பு. ஆனால் நீங்கள் சொன்ன இந்த ஒரு பதிலை நான் ஆண்களுக்கும் சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் கொண்டுவந்த ஷாக் இரண்டு மாதத்தில் கசிந்தால் பாகத்தை மாற்றித் தர வேண்டியது விற்றவர். ஆனால் திரும்பக் கழற்றி மாட்டுகிற ஒரு நாள் உழைப்பை யார் கொடுப்பது? அந்தப் பயம்தான்.

வழி இருக்கிறது. பொறுப்பை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். "பாகம் கெட்டால் என் பொறுப்பு. போல்ட்டு தளர்ந்தால், வயர் அறுந்தால், தப்பாக உட்கார்ந்தால் உங்கள் பொறுப்பு. சரியா?" இதற்குச் சம்மதித்து பில்லில் எழுதித் தருகிறவரிடம் கொடுங்கள். எதற்குமே பொறுப்பில்லை என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் பொருள், உங்கள் உரிமை.

என் மகனுக்கு 19 வயது. இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பக்க ஸ்ட்ரட்டுகளை இறக்கி ஏற்ற ஆசைப்படுகிறோம். காரோடு வந்த ஜாக்கி இருக்கிறது. போதுமா? ஒரு நாள் போதுமா?

ஜாக்கி போதாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. காரோடு வந்த ஜாக்கி, சாலையோரத்தில் பஞ்சர் டயரை மாற்றுவதற்குக் கொடுத்தது. அதை நம்பி யாரும் காருக்கு அடியில் கையோ தலையோ வைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கி என்றாலும் அது தூக்கத்தான். உள்ளே ஒரு சீல் விட்டால் கார் இறங்கிவிடும். தூக்கின பிறகு நிற்க ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். செங்கல், மரக்கட்டை எதுவும் அதற்கு மாற்று இல்லை. செங்கல் பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தரை சிமென்ட்டாக, சமமாக இருக்கட்டும். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் இல்லாதபோது விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், அது இன்னொரு காவல்.

ஸ்டாண்டும் டார்க் ரெஞ்ச்சும் வாங்கவோ இரவல் பெறவோ முடியாவிட்டால் இந்த வேலையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மகனுக்கு ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை.

நேரம்: ஒரு மெக்கானிக் இரண்டு பக்கத்தையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பார். முதல் தடவை செய்கிறவருக்கு முதல் பக்கமே நாலு மணி நேரம் ஆகும், இரண்டாவது பக்கம் அதில் பாதி. நடுவில் ஸ்பிரிங்குக்காகப் பட்டறைக்குப் போய்வர வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூடியிருக்கும் என்றால் சனிக்கிழமை காலையில் இறக்கி, அன்றைக்கே கொடுத்து வாங்கி, ஞாயிறு ஏற்றுங்கள். இடது வலது மாறாமல் இருக்க இறக்கும்போதே ஸ்ட்ரட்டில் எழுதிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக இந்தக் கார்தான் என்றால் வேறு வாரம் பாருங்கள். அவசரத்தில்தான் நட்டை முறுக்க மறப்பது நடக்கும். முறுக்கின ஒவ்வொரு நட்டிலும் மகன் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைக்கட்டும், நீங்கள் ரெஞ்ச்சோடு வந்து இரண்டாவது முறை சரிபாருங்கள். அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை மெதுவாக ஓட்டிப்போங்கள். 50இலிருந்து 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை இன்னொருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். மேலே உள்ள மூன்று நட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.